புற்றுநோயின் பயத்துக்குக் கஞ்சா மருந்தாகுமா?

*ஓர் இளைஞனின் வாந்தியை நிறுத்தியதால் ஆஸ்திரேலியா கஞ்சாவுக்குக் கதவைத் திறந்தது. இன்று அந்தக் கதவு வழியே பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் மருந்துச் சீட்டுகள் குவிகின்றன. சோதனை முடிவுகள் என்ன சொல்கின்றன?*

டாம்வொர்த், சிட்னியிலிருந்து வடக்கே காரில் ஐந்து மணி நேரம். கன்ட்ரி இசைத் திருவிழாவுக்குப் பேர்போன ஊர். நெடுஞ்சாலை ஓரத்தில் பொன்னிறத்தில் ஒரு ராட்சத கித்தாரே நிற்கிறது. அந்த ஊரில் ஹாஸ்லம் குடும்பத்தில், 20 வயதில் குடல் புற்றுநோய் வந்த டேன், ஒவ்வொரு கீமோவுக்குப் பிறகும் வாந்தியோடு மல்லுக்கட்டினார். குமட்டல் அடங்குவதற்குள் அடுத்த சுற்றுக்குத் தேதி வந்துவிடும். சாப்பாட்டு வாசனையே ஆகாது. உடம்பு உருகிக்கொண்டே போனது.

அம்மா லூசி, செவிலியராக இருந்தவர். வாந்தி மருந்துகள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. அப்பா லூ, காவல்துறையின் போதைத் தடுப்புப் பிரிவில் அதிகாரியாக இருந்தவர். கஞ்சா வைத்திருந்தவர்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதே அவருடைய பிழைப்பு. அப்படிப்பட்ட வீட்டுப் பையனிடம், "கீமோ முடிந்ததும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்! டேன் தயங்கினார். பிறகு முயன்றார். குமட்டல் நின்றது, பசி எடுத்தது.

அப்புறம் நடந்ததை ஆஸ்திரேலியா முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. முன்னாள் போதைத் தடுப்பு அதிகாரி, மகனுக்காகக் கஞ்சாவுக்கு வாதாடினார். லூசி இயக்கம் தொடங்கினார். நியூ சவுத் வேல்ஸ் மாநில முதல்வர் மைக் பெயர்டு மனம் மாறினார். மருத்துவச் சோதனைகளுக்கு அரசுப் பணம் வந்தது. 2015 பிப்ரவரி 24 அன்று டேன் இறந்தார். வயது 25. சரியாக ஓராண்டு கழித்து, 2016 பிப்ரவரி 24 அன்று, மருத்துவக் கஞ்சா பயிரிட வழிசெய்யும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்த ஆண்டு நவம்பரில், மருத்துவர் சீட்டோடு வாங்கும் கட்டுப்பாட்டு மருந்துகளின் பட்டியலில் கஞ்சாவும் ஏறியது.

டேனின் சிக்கல் வாந்தி. ஆனால், திறந்த கதவு வழியே அதிகம் நுழைந்தவர்கள் வாந்திக்காரர்கள் அல்லர். அங்கே மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி கேட்டு வரும் விண்ணப்பங்களில் முன்வரிசையில் நிற்பவை நாள்பட்ட வலி, பதற்றம், தூக்கமின்மை. புற்றுநோயாளிகளும் இன்று அதைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர், ராத்திரி நெஞ்சு படபடக்கிறது. அந்த எண்ணெய் கிடைக்குமா?"

## வாந்திக்கு முன்பே வரும் வாந்தி

முதலில் டேனுக்கு நியாயம் செய்துவிடலாம். அவர் அனுபவித்தது உண்மைதானா என்று சிட்னியைச் சேர்ந்த பீட்டர் கிரிமிசன் குழு முறைப்படி சோதித்தது. வழக்கமான மருந்துகளுக்கும் அடங்காமல் வாந்தி எடுத்தவர்களில் சிலருக்கு, கஞ்சாவில் உள்ள டிஎச்சி, சிபிடி இரண்டும் தலா 2.5 மில்லிகிராம் கொண்ட மாத்திரை. மற்றவர்களுக்கு அதேபோல் தோற்றமளிக்கும் போலி மாத்திரை. 2024-இல் வந்த இறுதி முடிவில் 147 நோயாளிகள். வாந்தியே இல்லாமல், கூடுதல் மருந்தும் தேவைப்படாமல் இருந்தவர்கள் போலி மாத்திரைக் குழுவில் 8 சதவீதம். கஞ்சா மாத்திரைக் குழுவில் 24 சதவீதம். மூன்று மடங்கு. முக்கால்வாசிப் பேருக்கு முழுப் பலன் இல்லை என்பதையும், தலைசுற்றலும் மந்தமும் கூடவே வந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் இது கண்கூடான பலன்.

இதே குமட்டலுக்கு இன்னொரு முகம் உண்டு. மூன்று நான்கு முறை கீமோ ஏறியவர்களில் சிலருக்கு, மருத்துவமனை வாசலில் கார் நின்றதுமே வயிற்றைப் புரட்டும். ஊசி இன்னும் ஏறியிருக்காது. ஸ்பிரிட் வாசனையும் அந்தத் தாழ்வாரமும் போதும். மணியோசை கேட்டுப் பாவ்லோவின் நாய்க்கு எச்சில் ஊறிய அதே விதி. வயிற்றில் நடப்பது போலத் தெரிந்தாலும் இது மனம் கற்றுக்கொண்ட பயம். வாந்தி மாத்திரைகள் இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை. பதற்றம் தணிக்கும் மாத்திரையும் மனப்பயிற்சியும்தான் வழக்கம். புற்றுநோயில் உடம்பின் தொல்லை எங்கே முடிகிறது, மனத்தின் தொல்லை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. கஞ்சா இந்தக் கோட்டைச் சத்தமில்லாமல் தாண்டியதில் வியப்பில்லை. வாந்திக்கு உதவியது பயத்துக்கும் உதவாதா என்பது இயல்பான கேள்வி.

> இரண்டு மூலக்கூறுகள்
>
> கஞ்சாச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினாய்டுகள் உண்டு. பேசப்படுபவை இரண்டு. போதை தருவது டிஎச்சி. சிபிடி போதை தராது.
>
> 1960-களில் இஸ்ரேலின் ரஃபேல் மெக்கூலம் குழு இவற்றின் கட்டமைப்பைக் கண்டறிந்தது: 1963-இல் சிபிடி, 1964-இல் டிஎச்சி. நம் உடம்பே இதுபோன்ற ஒன்றைச் சுரக்கிறது என்று 1992-இல் தெரிந்தது. அதற்கு ஆனந்தத்தை ஒட்டி 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள்.
>
> உடம்பின் இந்தக் கன்னாபினாய்டு அமைப்புக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பு, ஒரு தோல்வியில்தான் பளிச்சென்று வெளிப்பட்டது. டிஎச்சி மூளையில் ஒட்டும் இடத்தை அடைத்துப் பசியைக் குறைக்கும் 'ரிமோனபான்ட்' என்ற மாத்திரை 2006-இல் ஐரோப்பாவில் உடல் எடை குறைக்க விற்பனைக்கு வந்தது. சாப்பிட்டவர்களில் சிலரிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் தலைதூக்கின. 2008-இல் திரும்பப் பெற்றார்கள்.

## பிரிஸ்பேனில் வைத்த பரீட்சை

கஞ்சா பயத்துக்கும் உதவுமா என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களில் முக்கியமானது பிரிஸ்பேன் நகரிலிருந்து வந்தது. ஜேனட் ஹார்டி, பிலிப் குட் இருவரும் முற்றிய புற்றுநோய்க்காரர்களைக் கவனிக்கும் பேலியேட்டிவ் கேர் மருத்துவர்கள். நோயாளிகள் சிபிடி எண்ணெயைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்; சோதித்துப் பார்த்துவிடலாம் என்று 144 பேரைச் சேர்த்தார்கள். சிலருக்குச் சிபிடி எண்ணெய், மற்றவர்களுக்கு வெறும் எண்ணெய். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அரை மில்லிலிட்டரில் தொடங்கி, வேண்டுமளவு கூட்டிக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வரை. கடைகளில் 'வெல்னஸ்' முத்திரையோடு விற்கும் குப்பிகளின் அளவெல்லாம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

அளந்தது எளிய பட்டியல் ஒன்றை வைத்து. வலி, களைப்பு, தூக்கக் கலக்கம், குமட்டல், பசியின்மை, மூச்சுத் திணறல், மனச்சோர்வு, பதற்றம், பொதுவான நலம் என்று ஒன்பது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நோயாளியே மதிப்பெண் போட வேண்டும்.

பதினான்காம் நாள் கணக்கெடுத்தார்கள். சிபிடி குழுவின் மொத்த மதிப்பெண் சராசரியாக 6.2 குறைந்திருந்தது. வெறும் எண்ணெய்க் குழுவில் 3.0. ஏதோ வித்தியாசம் இருப்பதுபோல் தெரியும். ஆனால், இந்த எண்ணிக்கைக்கு இது தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். மனச்சோர்வையும் பதற்றத்தையும் தனியாகப் பிரித்துப் பார்த்தும் சிபிடியால் கூடுதல் பலன் தெரியவில்லை. வாழ்க்கைத் தரத்திலும் இல்லை. மூச்சுத் திணறல் மட்டும் சிபிடி குழுவில் சற்று அதிகம்.

இந்த ஆய்வைப் படித்தவர்கள் பெரும்பாலும் 'சிபிடி தோற்றது' என்று தலைப்பிட்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு: வெறும் எண்ணெய் குடித்தவர்களும் தேறினார்கள். இரண்டு குழுவிலும் பெரும்பாலானோர் 'முன்னைவிடப் பரவாயில்லை' என்றார்கள். இரு குழுவுக்கும் பொதுவாக இருந்தது பேலியேட்டிவ் கேர். முறையாக வந்து பார்க்கும் மருத்துவர், வலியைக் கேட்கும் செவிலியர், 'நேற்று ராத்திரி எப்படி?' என்ற விசாரிப்பு. இதன் வலு புதிதல்ல. 2010-இல் பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தொடக்கத்திலிருந்தே பேலியேட்டிவ் கேர் பெற்றவர்களில் மனச்சோர்வு அறிகுறி இருந்தது 16 சதவீதம் பேருக்கு. பெறாதவர்களில் 38 சதவீதம். அவர்கள் சராசரியாக இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

## ஸ்கேன் தேதி

சிபிடிக்கு ஆறுதல் மதிப்பெண் ஒன்று உண்டு. புற்றுநோய் வந்தவர்களைக் கேட்டால் தெரியும்: அவர்கள் காலண்டரில் தீபாவளி, பொங்கலைவிட அழுத்தமாக வட்டமிட்டிருப்பது ஸ்கேன் தேதியை. பத்து நாள் முன்பே தூக்கம் போகும். ரிப்போர்ட் கைக்கு வரும்வரை வீட்டில் யாரும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

பாஸ்டனின் டேனா-ஃபார்பர் புற்றுநோய் மையம் இந்தப் பயத்தையே எடுத்துக்கொண்டது. முற்றிய மார்பகப் புற்றுநோயும் பதற்றமும் உள்ள 50 பெண்கள்; ஸ்கேனுக்கு முன் ஒரே ஒரு வேளை, பாதிப் பேருக்கு 400 மில்லிகிராம் சிபிடி, மீதிப் பேருக்குப் போலி. முதன்மையாக எதை நிரூபிக்க வேண்டும் என்று தொடங்கினார்களோ அது நிரூபணமாகவில்லை. ஆனால், குடித்துச் சில மணி நேரத்துக்குப் பிறகு பார்த்தபோது சிபிடி குழுவின் பதற்றம் குறைவாகவே இருந்தது. பெரிய சோதனைக்கு இது நல்ல தொடக்கம். குப்பி வாங்கி அலமாரியில் வைக்க இது போதாது.

டிஎச்சி இன்னும் சிக்கலானது. சிகாகோவில் ஆரோக்கியமானவர்களை மேடையேற்றிப் பேசவைத்து, கணக்குப் போடவைத்துச் சோதித்தார்கள். 7.5 மில்லிகிராம் டிஎச்சி எடுத்தவர்களுக்குப் படபடப்பு குறைந்தது. 12.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்குக் கூடியது. நிம்மதிக்கும் கலவரத்துக்கும் இடையில் ஐந்தே மில்லிகிராம்! வாய்வழி எடுக்கும் எண்ணெய் வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். 'ஒன்றும் தெரியவில்லையே' என்று இன்னும் நாலு சொட்டு விட்டுக்கொள்பவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டுவது அப்படித்தான். அதுவும் எழுபது வயதுக்காரர், மார்ஃபினும் எடுப்பவர் என்றால், நடுராத்திரி எழுந்து தடுமாறி விழுவதோ, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவதோ நடக்கும்.

## 96 சதவீதம் வந்த வழி

'ஆனால், எடுத்தவர்கள் எல்லாருமே நன்றாக இருக்கிறது என்கிறார்களே?' வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் கேள்வி இது. ஆதாரமாக ஓர் இஸ்ரேல் ஆய்வைக் காட்டுவார்கள். 2018-இல் வெளியானது. கஞ்சா சிகிச்சை தொடங்கிய கிட்டத்தட்ட 3,000 புற்றுநோயாளிகளின் விவரம். ஆறு மாதத்துக்குப் பின் கேட்டதில் ஏறத்தாழ 96 சதவீதம் பேர் நிலைமை தேறியது என்றார்கள்.

எண் சரிதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர்கள் 1,211 பேர். 902 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். 682 பேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். பலன் இல்லை என்று விட்டவர்களைக் கழித்துவிட்டு, தொடர்ந்தவர்களிடம் மட்டும் 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால், வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் பிடித்த ஹோட்டல் என்று எந்த ஹோட்டலும் போர்டு மாட்டலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்துக் குழுவும் அதில் கிடையாது. ஆய்வாளர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்லவரவில்லை. அவர்கள் தங்கள் கட்டுரையில் இதை மறைக்கவில்லை. பரப்பியவர்கள்தான் மறந்துவிட்டார்கள்.

2024-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் ஆஸ்கோ வெளியிட்ட வழிகாட்டுதல் இத்தனையையும் அலசி முடிவுக்கு வந்தது: அடங்காத கீமோ வாந்திக்குச் சேர்த்துக்கொடுக்கலாம், புற்றுநோயையே குணப்படுத்தும் மருந்தாக, ஆய்வுக்கு வெளியே கூடாது, மற்ற தொல்லைகளுக்குப் பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை. பதற்றமும் மனச்சோர்வும் அந்த 'மற்ற'வற்றில் அடக்கம்.

## ஆறு மாதத்தில் 17,000 சீட்டு

சான்று காத்திருக்கலாம், வியாபாரம் காத்திருக்காது. ஆஸ்திரேலியாவில் கஞ்சாவுக்கென்றே தனி ஆன்லைன் கிளினிக்குகள் முளைத்தன. இணையத்தில் ஒரு படிவம், வீடியோ அழைப்பில் ஒரு மருத்துவர், கூரியரில் எண்ணெய். பல இடங்களில் சீட்டு எழுதுவதும் சரக்கை விற்பதும் ஒரே நிறுவனம். 2025 ஜூலையில் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஆப்ரா ஒரு கணக்கை வெளியிட்டது: ஆறு மாதத்தில் எட்டு பேர் தலா 10,000-க்கு மேல் கஞ்சாச் சீட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் 17,000-க்கு மேல். ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தால் நாளுக்குத் தொண்ணூற்றுச் சொச்சம். இதில் எந்த நோயாளியின் பயத்தை யார் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள்?

அடிபடுவது, எல்லாச் சிகிச்சையும் ஒரே கூரையின் கீழ் நடக்கிறது என்று நம்பும் நோயாளி. கீமோ கொடுக்கும் ஆன்காலஜிஸ்டுக்குக் கஞ்சா கிளினிக் எழுதியது தெரியாது. நோயாளியும் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. சிபிடி ஈரலில் மற்ற மருந்துகளை உடைக்கும் நொதிகளை மந்தப்படுத்தும்; ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு அதன் வீரியம் எகிறும். அதிக அளவில் சிபிடியே ஈரல் நொதிகளின் அளவை ஏற்றும். ரத்தப் பரிசோதனையில் அதைப் பார்த்த மருத்துவர், காரணம் கீமோ என்று நினைத்து அதை நிறுத்திவிட வாய்ப்புண்டு. இம்யூனோதெரபி எடுப்பவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். கஞ்சா சேர்த்தவர்களுக்கு அந்தச் சிகிச்சை குறைவாகவே வேலை செய்ததாக இஸ்ரேலில் இரண்டு சிறிய ஆய்வுகள் காட்டின. முடிவான சான்று என்று அவற்றைச் சொல்ல முடியாது. ஆனால், லட்சக்கணக்கில் செலவாகும் ஓர் ஊசியைப் பணயம் வைக்கும் முன் யோசிக்க இது போதும்.

பிறகு சாலை. ஆஸ்திரேலியப் போலீஸ் நாக்கில் குச்சி தடவிச் சோதித்து டிஎச்சி இருந்தால், ஓட்டுநர் தெளிவாக இருக்கிறாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அது குற்றம். கையில் சீட்டு இருந்தாலும்தான். டாஸ்மேனியாவில் மட்டும் சீட்டு இருந்தால் தப்பலாம். விக்டோரியாவில் 2025 மார்ச்சிலிருந்து, உரிமத்தைப் பறிக்காமல் விட நீதிபதிக்கு அதிகாரம் வந்திருக்கிறது. கிராமப்புறத்தில் இருநூறு கிலோமீட்டர் தாண்டி ரேடியேஷனுக்குத் தானே காரோட்டிப் போகிறவருக்கு இது சின்ன விஷயமா? இரவில் தூங்க எண்ணெய் எடுத்தவர், மறுநாள் மருத்துவமனைக்குப் போகும் வழியில் குற்றவாளி ஆகிறார்.

> இந்தியாவில்?
>
> 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 'கஞ்சா' என்று சொல்வது செடியின் பூங்கொத்தை. பூ சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே. இந்தச் சந்தின் வழியாகத்தான் 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரில் இலைச்சாற்று எண்ணெய்கள் ஆயுர்வேத மருத்துவர் சீட்டோடு ஆன்லைனில் விற்கின்றன. மேலே சொன்ன சோதனைகளில் பயன்படுத்திய அளவறிந்த மருந்துகளும் இவையும் ஒன்றல்ல.
>
> 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், மிக ஆபத்தானவற்றின் பட்டியலிலிருந்து கஞ்சாவை 27-க்கு 25 என்ற வாக்கில் எடுத்தது. ஆதரித்தவர்களில் இந்தியாவும் ஒன்று. உள்நாட்டுச் சட்டம் அதனால் மாறவில்லை.
>
> புற்றுநோய் வலிக்கு நிரூபணமான மார்ஃபினும் இதே சட்டத்தில் சிக்கித் தவித்தது. 2014-இல்தான் அதற்கான உரிம நடைமுறையை எளிதாக்கத் திருத்தம் வந்தது.

## செவிலியர் பார்த்த மனச்சோர்வு

அப்படியானால் பயத்துக்கு மருந்தே இல்லையா? இருக்கிறது, விளம்பரம்தான் இல்லை. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு, மருத்துவ அளவுகோலின்படியே மனச்சோர்வு உண்டு. பத்தில் ஒருவருக்குப் பதற்றநோய். ஸ்காட்லாந்தில் 21,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பரிசோதித்தபோது, தீவிர மனச்சோர்வு இருந்தவர்களில் 73 சதவீதம் பேருக்குப் பலன் தரக்கூடிய சிகிச்சை எதுவும் போய்ச்சேரவில்லை. கேன்சர் வந்தால் மனசு உடையத்தானே செய்யும் என்று நோயாளியும், குடும்பமும், மருத்துவரும் சேர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

அங்கேயே மாற்று ஒன்றைப் பரிசோதித்தார்கள். 500 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மீதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற புற்றுநோய்ச் செவிலியர் ஒருவர். நான்கு மாதங்களில் பத்து சந்திப்புகள் வரை. அவர் செய்ததில் மந்திரம் எதுவும் கிடையாது. மனச்சோர்வு என்றால் என்னவென்று விளக்குவார். விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை மறுபடி தொடங்கவைப்பார். கடன், பிள்ளையின் படிப்பு, கணவனிடம் சொல்ல முடியாதது என்று அழுத்துவதை ஒவ்வொன்றாக எடுத்து, என்ன செய்யலாம் என்று நோயாளியோடு உட்கார்ந்து யோசிப்பார். பின்னால் ஒரு மனநல மருத்துவர் மேற்பார்வை பார்ப்பார். மாத்திரை தேவையென்றால் குடும்ப மருத்துவர் எழுதுவார். ஆறு மாதத்தில், செவிலியரின் கவனிப்பு கிடைத்தவர்களில் 62 சதவீதம் பேரின் மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தது. வழக்கமான கவனிப்பில் 17 சதவீதம். ஆளுக்கு ஆன செலவு சுமார் 600 பவுண்டு.

இந்த இரண்டு எண்களுக்கு இடையில் உள்ள தூரத்தை, புற்றுநோயாளிகளின் மனத்துக்காகச் செய்த எந்தக் கஞ்சாச் சோதனையும் இதுவரை எட்டவில்லை. கஞ்சா கெட்டது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடங்காத வாந்திக்கு இன்று டேன் போன்ற ஒருவருக்கு அதை மறுத்தால் அது கொடுமை. பெரிய சோதனைகள் வரட்டும். ஸ்கேன் பயத்துக்குச் சிபிடி ஜெயித்தால் முதல் ஆளாகக் கைதட்டலாம். அதுவரை, எடுப்பவர்கள் ஆன்காலஜிஸ்டிடம் குப்பியைக் காட்டி, எவ்வளவு, எப்போது என்று சொல்லிவிட்டு எடுக்கட்டும். சிட்னியிலோ மெல்பர்னிலோ பெற்றோருக்கு எண்ணெய் வாங்கித்தரும் நம் பிள்ளைகளுக்கும் இதுதான்.

ஆஸ்திரேலிய மெடிகேர் திட்டத்தில், குடும்ப மருத்துவர் எழுதிக்கொடுத்தால் ஆண்டுக்குப் பத்து முறை உளவியலாளரைப் பார்க்கக் கட்டணச் சலுகை உண்டு. பத்து, ஸ்காட்லாந்துச் செவிலியரின் அதே பத்து. ஆனால், அதற்கு நேரம் கிடைக்கப் பலர் வாரக்கணக்கில் வரிசையில் காத்திருக்கிறார்கள். கஞ்சா கிளினிக்கில் நாளைக்கே நேரம் கிடைக்கிறது.